மால்டீஸ், செபுவானோவின் சரிநகலா?

எங்கள் அலுவலகத்துக்குச் சரிநகல் அலுவலகம் என்று பெயர். அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. சரியாக உள்ளது' என்று முத்திரை குத்துவது எங்கள் பணி. நாட்டில் எந்தக் காகிதமும் தனியாக எங்கும் போய்விட முடியாது. தன் நகலைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு வந்து, 'ஆமாம், இதுதான் அது' என்று எங்கள் வாயால் சொல்லக் கேட்ட பிறகுதான் வெளியே நடமாடலாம்.

'எங்கள் அலுவலகம்' என்று எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். சென்ற ஆண்டு வந்த சுற்றறிக்கையின்படி பொதுமக்களிடம் 'நம் அலுவலகம்' என்றுதான் சொல்ல வேண்டும். 'எங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார், 'நம்' என்றால் உள்ளே வந்துவிடுகிறார், மக்களை உள்ளே கொண்டுவருவதே அரசின் கொள்கை என்று அதில் விளக்கமும் இருந்தது. அதைச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு மேலே மாட்டியிருக்கிறோம். மக்கள் வெளியே வெயிலில் நின்றபடி அதைப் படிக்கலாம்.

வேலை நடக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நான் அசலை உரக்கப் படிப்பேன். எதிரே பென்சில் அக்கா நகலைப் பிடித்துக்கொண்டு, ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சிலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே வருவாள். சரியென்றால் நீலம், பிழையென்றால் சிவப்பு. அர்த்தம் பார்க்கக் கூடாது என்பது அலுவலகத்தின் அடிப்படைக் கொள்கை. அர்த்தம் பார்த்தால் கருத்து வரும், கருத்து வந்தால் தாமதம் வரும் என்று பெரியவர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள். நான் ஒரு கொலை வழக்கின் முழுச் சாட்சியத்தையும் உரக்கப் படித்திருக்கிறேன். யார் யாரைக் கொன்றார்கள் என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் கண்காணிப்பாளருக்குப் 'பார்க்கலாம் சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார், பிறகு பார்க்க மாட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த வருடம் அவரை மூன்று நாள் பயிற்சி முகாமுக்கு அனுப்பிவைத்தார்கள். போகும்போது சாதாரணமாகப் போனவர், திரும்பி வரும்போது தோளில் ஒரு துணிப்பையும், கழுத்தில் ஒரு பட்டையும், வாயில் 'ஒப்பீட்டு மேலாண்மை' என்ற சொல்லுமாக வந்தார். அப்போது எல்லா அலுவலகங்களையும் பிடித்து ஆட்டிய மோகம் அது. எதையாவது எதனுடனாவது ஒப்பிட்டு வண்ண வண்ணமாக வட்டப் படம் போட வேண்டும். முதலில் மேற்குப்பக்க மின்விசிறியைக் கிழக்குப்பக்க மின்விசிறியோடு ஒப்பிட்டார். பிறகு என்னையும் பென்சில் அக்காவையும் ஒப்பிட்டார். அக்கா அறுபத்திரண்டு சதவீதம், நான் முப்பத்தெட்டு. எதில் என்று படத்தில் போடவில்லை.

இப்படி ஒப்பிட ஒன்றும் அகப்படாமல் அவர் தவித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில்தான் கப்பல் சமையல்காரர் வந்து சேர்ந்தார்.

முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள். கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் இரண்டு காகிதங்கள்.

"சார், இது ரெண்டும் ஒண்ணுதான்னு ஒரு முத்திரை வேணும்."

"அசல் எது, நகல் எது?" என்றேன்.

"இது என் மாமியார் அவங்க மகளுக்காக எழுதின லெட்டர். செபுவானோ மொழி. அவங்க தீவுல அதான் பேசறாங்க. என் வொய்ஃப் வேற ஒரு தீவுல நர்ஸா இருக்கா. அங்கதான் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. அந்த ஊர் ஆபீஸ்ல இதை அவங்க பாஷைல, மால்டீஸ்ல, எழுதிக் குடுத்தாங்க. நான் கப்பல் வேலைய விட்டுட்டேன் சார். இங்க மில் கேன்டீன்ல சேர்ந்துட்டேன். அவளைக் கூட்டிட்டு வரணும். குடிவரவு ஜன்னல்ல, ரெண்டும் ஒண்ணுன்னு உங்க முத்திரை இருந்தாதான் ஆகும்னுட்டாங்க."

"அவசரமா?"

"ஏழாவது மாசம் நடக்குது சார். எட்டாவது தாண்டிட்டா விமானத்துல ஏத்த மாட்டாங்களாம். இன்னும் முப்பத்தஞ்சு நாள் இருக்கு. அவளுக்கு அங்க யாரும் இல்ல. அவங்க அம்மாவாலயும் வர முடியாது."

பன்னிரண்டு வரிக் கடிதம். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டாள்.

"மாயோங் புன்தாக்," என்று படித்தேன்.

அக்கா நகலைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இங்க போஞ்ஜுன்னு ஒரே வார்த்தைதான் இருக்கு. முதல் வார்த்தைய அப்படியே முழுங்கிட்டான். ரெண்டாவதுல பி, யூ, என், ஜி நாலு எழுத்து வந்திருக்கு, வரிசைதான் தப்பு. டைப் அடிச்சவன் புதுசு போல."

"அக்கா, அது வேற பாஷை," என்றார் சமையல்காரர். "ரெண்டும் காலை வணக்கம்தான்."

"எந்தப் பாஷையா இருந்தா என்ன தம்பி? நாங்க எழுத்தைத்தான் பாப்போம். ரெண்டும் அதே ஏ, பி, சி, டி-தானே?"

சொன்னது நியாயம்தான். இரண்டும் ஒரே எழுத்தில்தான் இருந்தன. ஒரே தையற்காரர் தைத்த சட்டையைப் போட்டிருப்பவர்களை அண்ணன் தம்பி என்று எடுத்துக்கொள்ள எங்கள் விதிகளில் இடம் இருந்தது.

மூன்றாம் வரியில் அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "தம்பி, இந்த எச் மேல கோடு போட்டிருக்கு பாரு. அடிச்சிருக்கான்!"

பார்த்தேன். எச் எழுத்தின் தலையில் குறுக்கே ஒரு கோடு. அடுத்த வரியிலும் இருந்தது. மொத்தம் பதினேழு இடத்தில் எச்-ஐ அடித்திருந்தார்கள்.

"அது அடித்தல் இல்ல அக்கா. அந்தப் பாஷைல அப்படி ஒரு எழுத்து," என்றார் சமையல்காரர்.

"அடிச்சா பக்கத்துல சுருக்கொப்பம் போடணும். விதி இருக்கு. பதினேழு அடித்தல், பதினேழு சுருக்கொப்பம்."

"யார் போடணும்?"

"அடிச்சவர்தான்."

"அவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காரே அக்கா!"

"அவசரம் இல்ல, வரட்டும்," என்றாள் அக்கா. பிறகு காகிதத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "ஜி மேல ஒரு புள்ளி. இசட் மேலயும் புள்ளி. மை சிந்தியிருக்கா, இல்ல மெய்யெழுத்தா?"

இதற்கு எங்களிடம் விதி இல்லாததால் புள்ளிகளுக்கு நீலமும் சிவப்பும் கலந்து போட்டாள்.

ஏழாவது வரியை நான் படித்தபோது அசலிலேயே கோளாறு தெரிந்தது. "கிஹுனாஹுனா... அட்லாவ்-அட்லாவ்..."

"நில்லு, நில்லு. ஹுனா ஹுனா, அட்லாவ் அட்லாவ். எல்லாம் ரெண்டு ரெண்டு தரம் வருது. அசல் எழுதினவங்களுக்கும் கை நடுக்கமா?"

"ஹுனாஹுனான்னா நினைப்பு," என்றார் சமையல்காரர் மெதுவாக. "அட்லாவ்னா நாள். அட்லாவ்-அட்லாவ்னா நாம தினம் தினம்னு சொல்றோம்ல, அது. 'தினம் தினம் அவளையே நினைச்சுக்கிட்டு இருக்கேன்'னு எழுதியிருக்காங்க."

அக்காவின் பென்சில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை.

"அர்த்தம் சொல்லாதீங்க தம்பி," என்றாள். "வேலை கெட்டுப்போயிடும்."

அன்று மாலை கணக்கெடுத்தபோது தொண்ணூற்றாறு சொல் உள்ள கடிதத்தில் இருநூற்றுப் பதினான்கு பிழைகள் இருந்தன. சொல்லைவிடப் பிழை அதிகமாக வந்தது அலுவலக வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. பெண்ணின் பெயரும் தேதியும் மட்டும் சரியாக இருந்தன. கோப்பைத் தூக்கிக்கொண்டு பார்க்கலாம் சாரிடம் போனேன். நிராகரித்துவிடுவார், சமையல்காரர் வேறு ஏதாவது வழி பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

அவர் நிராகரிக்கவில்லை. இருநூற்றுப் பதினான்கு என்ற எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த விதத்தை நான் எப்படிச் சொல்வேன்! வட்டப் படத்தில் அவ்வளவு பெரிய சிவப்பு இதுவரை அவருக்குக் கிடைத்ததில்லை.

"இது சாதாரணக் கோப்பு இல்ல," என்றார். "இது ஒப்பீடு! செபுவானோவும் மால்டீஸும்! உலகத்துல எந்த ஆபீஸும் பண்ணியிருக்காது."

"சார், அந்தப் பொண்ணுக்கு இன்னும் முப்பத்தஞ்சு நாள்தான்..."

"பார்க்கலாம்," என்றார். எங்கள் துர்பாக்கியம், இந்தத் தடவை உண்மையிலேயே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நூலகத்திலிருந்து இரண்டு அகராதிகள் வந்தன. கோப்பின் 'பொருள்' என்ற கட்டத்தில் 'செபுவானோ மொழிக்கு மால்டீஸ் மொழி சரிநகலா என்பது குறித்து' என்று எழுதப்பட்டது. சமையல்காரர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருவார். வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். ஜன்னலில் முகத்தை வைத்து "முப்பத்தொண்ணு" என்பார். அடுத்த முறை "இருபத்தொம்பது" என்பார்.

அவரை உள்ளே அழைத்துக் கண்காணிப்பாளர் தன் கண்டுபிடிப்புகளைச் சொல்லுவார்.

"கேளுங்க. மால்டீஸ் யாரு? அரபு வழி வந்த மொழி. சரியா? ஆனா நன்றி சொல்லணும்னா கிராஸின்னு இத்தாலிக்காரன் மாதிரி சொல்லுது. செபுவானோவுக்கும் அரபுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அது என்னடான்னா சலாமத்னு சொல்லுது. அது அரபுலேர்ந்து போனதாம்! ரெண்டு பேரோட நன்றியும் இடம் மாறிப்போயிருக்கு. யாரோ உறை மாத்திப் போட்டுட்டாங்க."

"சார், இருபத்தேழு..."

"இதைக் கேளுங்க. சபான்னு ஒரு வார்த்தை ரெண்டுலயும் இருக்கு! மால்டீஸ்ல விரல். செபுவானோல 'சத்தம் போடாதே'. இப்ப விரலை எடுத்து வாயில வைங்க. வெச்சீங்களா? என்ன அர்த்தம்?"

சமையல்காரர் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா! விரலும் அதுதான், சும்மா இருன்னு சொல்றதும் அதுதான். ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க!"

வாயில் விரல் இருந்ததால் சமையல்காரரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. 'பொதுமக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. ஆட்சேபணை இல்லை' என்று கோப்பில் குறிக்கப்பட்டது.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. இருபத்திரண்டு நாள் மிச்சம் இருந்தபோது அவர் நாலாவது வரிக்கு வந்தார். அங்கேதான் வினை வந்தது.

"இதென்ன, அத்தோங் அனாக்?"

"அனாக்னா பிள்ளை சார். அத்தோங்னா நம்ம. அவங்களுக்கும் நம்மள மாதிரியே ரெண்டு இருக்கு. அமோங்னா எங்க, அத்தோங்னா நம்ம. கேக்கறவரையும் சேர்த்துச் சொன்னா அத்தோங்." சமையல்காரரின் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. "கப்பல்ல அந்தத் தீவுப் பசங்கதான் எனக்குப் பாஷை சொல்லிக்குடுத்தாங்க. மத்தவங்க எல்லாம் இந்த இடத்துல தடுமாறுவாங்க. எனக்கு மட்டும் ஒரே நாள்ல வந்துடுச்சு."

"மால்டீஸ்ல?"

"பின்த்னா. நம்ம மகள்னும் வெச்சுக்கலாம், எங்க மகள்னும் வெச்சுக்கலாம். அவங்களுக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா அசல்ல நம்ம மகள்."

"ஆமா சார்."

"கடிதம் யாருக்கு எழுதியிருக்கு?"

"மேல போட்டிருக்கே சார். 'மதிப்பிற்குரிய அலுவலருக்கு'ன்னு."

"இந்த ஆபீஸ்ல அலுவலர் யாரு?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அக்கா பென்சிலைப் பார்த்தாள்.

"நீங்கதான் சார்," என்றேன்.

"அப்ப இவங்க, 'இவள் நம் மகள்'னு எனக்கு எழுதியிருக்காங்க. அதாவது அவங்களுக்கும் எனக்கும்."

"ஐயோ சார்!" சமையல்காரர் எழுந்தே விட்டார். "அன்பா எழுதியிருக்காங்க. உங்க பொண்ணு மாதிரி நினைச்சுப் பாத்துக்கோங்கன்னு."

"'மாதிரி'ங்கற வார்த்தை அசல்ல இருக்கா?"

"இல்ல சார்."

"இல்லாததைச் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்ல," என்றார் கண்காணிப்பாளர். நேர்மையான மனிதர் ஆகையால் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவிக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கறதா ஆபீஸ்ல கண்டுபிடிச்சிருக்காங்க."

"ஆபீஸ்ல கண்டுபிடிக்கற வரைக்கும் உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"காகிதத்துல அப்படித்தான் இருக்கு."

"வயசு என்ன?"

கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டினார். "இருபத்தொம்பது."

"நமக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்," என்றது ஒலிபெருக்கி. பிறகு போன் வைக்கப்பட்டது. அடுத்த மூன்று நாள் கண்காணிப்பாளர் மில் கேன்டீனில் சாப்பிட்டார். பரிமாறியவர் நம் சமையல்காரர்தான். மாமனாருக்குப் பரிமாறுவதுபோல இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பரிமாறினாராம். அவ்வளவு கவலையிலும் மனிதருக்குக் குசும்பு போகவில்லை.

இதில் வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். விதி எண் பதினான்கு இருக்கிறதே! உறவினர் சம்பந்தப்பட்ட கோப்பில் எந்த அலுவலரும் கையெழுத்திடக் கூடாது. மகள் என்று எழுத்துமூலம் வந்த பிறகு கண்காணிப்பாளர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? 'உறவு காரணமாக விலகிக்கொள்கிறேன்' என்று எழுதிக் கோப்பை என்னிடம் தள்ளினார்.

"நான் உறவு இல்லையே சார்," என்றேன்.

"நீதானே கடிதத்தை உரக்கப் படிச்சே? படிச்சா கேட்ட மாதிரிதானே? கேட்டவங்க எல்லாரும் நம்-ல அடக்கம். சுற்றறிக்கைல என்ன போட்டிருக்கு?"

சுற்றறிக்கை தலைக்கு மேலேயே தொங்கியது. 'நம்' என்றால் கேட்பவர் உள்ளே வந்துவிடுகிறார். நானும் விலகிக்கொண்டேன். அக்காவும் விலகிக்கொண்டாள். ஆனால் என்ன உறவு என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது.

"நான் அவளுக்குச் சித்தியா, அத்தையா?" என்று யோசித்தாள். பிறகு அசலை எடுத்துப் பார்த்தாள். "அத்தோங். இதுலயே அத்தைன்னு இருக்கே!" என்று அத்தை என்றே எழுதிவிட்டாள்.

கோப்பு இரண்டாம் மாடிக்குப் போனது. துணை இயக்குநர் கடிதத்தைப் படித்துப் பார்த்து, தானும் உள்ளே வந்துவிட்டதை உணர்ந்து, விலகிக்கொண்டார். மூன்றாம் மாடியில் சட்டப் பிரிவு முழுவதும் கூடிப் படித்து, முழுவதும் விலகியது. நாலாம் மாடியில் ஒருவர் பாதிதான் படித்தாராம். அவர் ஒன்றுவிட்ட சகோதரர் என்று பதிந்துகொண்டார். பத்து நாளில் அந்தப் பெண்ணுக்கு அரசுப் பணியில் நாற்பத்தொரு உறவினர்கள் கிடைத்திருந்தார்கள். ஒருவராலும் அவளுக்கு ஒரு முத்திரை குத்த முடியவில்லை.

"பன்னிரண்டு," என்றார் சமையல்காரர் ஜன்னலில்.

இந்தத் தடவை அவர் குரல் சரியில்லை. அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம். அங்கே தனியாகப் படியேறி இறங்குகிறாளாம். இரவு போனில், 'நான் ஒண்ணும் கேக்கல, அந்த முத்திரை எவ்வளவு பெரிசு இருக்கும்னு மட்டும் சொல்லு' என்று கேட்டாளாம். சமையல்காரர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து எங்களிடம் அளவு காட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. முத்திரை அதைவிடச் சின்னது.

அன்று மதியம் அக்கா வேலை ஒன்றும் செய்யவில்லை. பையிலிருந்து மஞ்சள் நூல்கண்டை எடுத்து ஒரு சின்னத் தொப்பி பின்ன ஆரம்பித்தாள். பின்னிக்கொண்டே சொன்னாள்:

"தம்பி, படிச்சவங்க எல்லாம் உறவு. அப்ப படிக்காம கையெழுத்துப் போடறவர் உறவு இல்லையே?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். ஐந்தாம் மாடி. இயக்குநர்.

இயக்குநரின் புகழை நாடறியும். பதவிக்கு வந்து பதினொரு ஆண்டுகளில் ஒரு கோப்பைக்கூட அவர் படித்ததில்லை. கோப்பைத் திறந்து நீட்டினால் 'எங்கே?' என்று கேட்பார். விரலால் இடத்தைக் காட்டினால் கையெழுத்துப் போடுவார். 'என்ன?' என்று ஒருநாளும் கேட்டதில்லை. அத்தனை நாளும் அதைக் குறையென்று நினைத்துக் கேலி பேசியவர்கள் நாங்கள். இப்போது நாட்டிலேயே தகுதியுள்ள ஒரே அதிகாரி அவர்தான்.

ஆணையை யார் எழுதுவது? உறவினர் கை படக் கூடாது. ஆகவே கணிப்பொறியிடமே விட்டுவிட்டோம். அது கோப்பின் 'பொருள்' கட்டத்தில் இருப்பதை எடுத்துத் தானாக ஓர் ஆணை அச்சடித்துத் தரும். கணிப்பொறிக்கு அத்தை மாமா கிடையாது.

அக்காவும் நானும் ஐந்தாம் மாடிக்குப் போனோம். இயக்குநர் அன்றுதான் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

"அட, இப்ப எல்லாம் எவ்வளவு தெளிவா தெரியுது!" என்றபடி கோப்பை வாங்கினார். "சின்ன எழுத்துகூடத் தெரியுதே. என்னது இது, அத்..."

சட்டென்று அக்கா தன் விரலை நீட்டி அந்தச் சொல்லின்மேல் வைத்தாள்.

"இங்க சார்."

இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் இன்னொரு கை விரல் அவளையும் அறியாமல் அவள் உதட்டின்மேல் இருந்தது. பார்த்தவர் வாயை மூடிக்கொண்டு, காட்டிய இடத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த ஆணையில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். பார்க்கலாம் சாரின் ஆராய்ச்சியில் எனக்கு அன்றுதான் நம்பிக்கை வந்தது.

மாடிப்படி இறங்கும்போதுதான் நான் ஆணையைப் படித்தேன். பழக்கமில்லாமல் அர்த்தத்தோடு படித்துவிட்டேன்.

'செபுவானோ மொழிக்கு மால்டீஸ் மொழி சரிநகல் எனச் சான்றளிக்கப்படுகிறது. மேற்படி இருவரும் இந்நாட்டுக்குள் வந்து கணவருடன் தங்கியிருப்பதில் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை.'

"அக்கா, பொண்ணோட பேரே இதுல இல்ல! ரெண்டு பாஷையைக் குடித்தனம் பண்ண வரச் சொல்லியிருக்கு!"

"திருத்தணும்னா புதுக் கோப்பு போடணும். புதுக் கோப்பை யார் போடுவா? நாம எல்லாம் உறவு." அக்கா ஒரு படி நின்று யோசித்தாள். "குடுத்துடு தம்பி. அங்கயும் யாரும் படிக்க மாட்டாங்க."

அவள் கணிப்பு வீண்போகவில்லை. குடிவரவு ஜன்னலில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். விமான நிலையத்தில் ஒரே ஒருவர் கடமை தவறாதவர், அவர் மட்டும் ஒரு சொல்லைப் படித்துவிட்டாராம். "இருவர்னு போட்டிருக்கே. நீங்க ஒருத்தர்தானே நிக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவள் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "சரியாக உள்ளது," என்று அனுப்பிவிட்டார். நாலு நாள் மிச்சம் இருந்தது.

யாராவது ஒருவர் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்திருந்தால் அவள் வந்து சேர்ந்திருக்க முடியாது. இதை நான் பெருமையாகச் சொல்கிறேனா, வருத்தமாகச் சொல்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை.

குழந்தை பிறந்தது. பெண். சமையல்காரர் அலுவலகம் முழுவதற்கும் மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தார். பார்க்கலாம் சார் தன் பங்கை வீட்டுக்கு எடுத்துப் போய் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லி, அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினார். இயக்குநர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்திருக்கும் புதியவர் எல்லாவற்றையும் படிக்கிறார்.

இவ்வளவையும் நான் சொல்ல வந்த காரணம் வேறு. நேற்று காலை ஜன்னலில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் குழந்தையின் பிறப்புச் சான்றும் அதன் நகலும். மேலே தொங்கிய சுற்றறிக்கையை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இது நம்ம ஆபீஸ்தானே?" என்றாள்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்து நம் மொழியைப் படிக்கிறவர்கள் 'நாங்கள்', 'நாம்' இரண்டையும் போட்டுக் குழப்பாமல் நான் பார்த்ததில்லை. இங்கேயே பிறந்த எங்களுக்கே அதைச் சொல்லித்தரச் சுற்றறிக்கை வேண்டியிருந்தது. அவள் தாய்மொழி அவளுக்கு அதை முன்பே சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறது.

"ஆமாம்மா," என்றேன். "நம்ம ஆபீஸ்தான்."

அவள் குழந்தையை ஜன்னல் வழியே நீட்டினாள். மஞ்சள் தொப்பி போட்டிருந்தது.

"நம்ம பொண்ணு," என்றாள்.

அக்கா பென்சிலைப் போட்டுவிட்டு ஓடினாள். இத்தனை வருடம் பூட்டியே கிடந்த பக்கத்துக் கதவைத் திறந்து, இரண்டு பேரையும் உள்ளே கூட்டிவந்து, என் நாற்காலியில் உட்காரவைத்தாள். கண்காணிப்பாளர் வந்து, "பார்க்கலாம், பார்க்கலாம்," என்று சொல்லிக் குழந்தையை உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டப் பிரிவு முழுவதும் படியிறங்கி வந்தது.

குழந்தை உள்ளே வந்துவிட்டது. காகிதம்தான் இன்னும் முத்திரை இல்லாமல் கிடக்கிறது. அவள் சொன்னதை நாங்கள் அத்தனை பேரும் கேட்டுவிட்டோமே, விதி பதினான்கு இருக்கிறதே!

உங்களிடம் கேட்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீங்களும் இதுவரை படித்துவிட்டீர்கள். ஆகவே தயவுசெய்து, இதைப் படிக்காத யாரையாவது அனுப்பிவையுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடத் தெரிந்தவராக இருந்தால் போதும், உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். பேனா நாங்கள் கொடுத்துவிடுகிறோம். மன்னிக்கவும், நாம்.